இல்லாத சடங்கைத் தேடிப் போனவள்

மேடையில் வீற்றிருக்கும் பேராசிரியப் பெருமக்களே, நாரின் மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் என் மேய்ப்பர்களே, மகளைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாயே! மேய்ச்சல் குழுத் தலைவன் ஒஸ்மோன்குல் பேசுகிறேன்.

மானுடவியல் இறுதியாண்டு மாணவி, அருமைச் செல்வி குல்பாரா! சென்ற கோடையில் எங்களிடம் வந்தாள். பால் கறந்தாள், சாணம் அள்ளினாள், கேட்டதையெல்லாம் எழுதினாள். "மனுசங்களைப் படிக்க ஒரு படிப்பா? அப்ப நாங்க என்ன பாடப் புத்தகமா?" என்று சீண்டினேன். "ஆமா பெரியப்பா, கொஞ்சம் கிழிஞ்ச புத்தகம்" என்றாள்.

அந்தப் பிள்ளைக்கு நாங்கள் என்ன கொடுத்தோம்? பொய்யைக் கொடுத்தோம்! "புது மருமக மலைக்கு வந்தா, கிழட்டுக் குதிரை காலைத் தொட்டு 'மாமியாரே'ன்னு கும்பிடணும்" என்றேன். "மூணு தடவை" என்றான் என்னோடு மேய்க்கும் ஜாக்கிப். அவள் குனிந்து எழுத, நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டோம்.

அதைத்தான் ஆய்வேட்டின் முக்கிய அதிகாரமாக எழுதினாள். தேர்வாளர்களில் ஒருவர் பக்கத்து மலைக்காரர்; அப்படியொரு சடங்கே கிடையாது என்றார். அரங்கமே சிரிக்க, ஏட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். அக்டோபரில் தனியாக வந்து என் வாசலில் நின்றாள். "பெரியப்பா, ஜாக்கிப் மாமாவும் சேர்ந்துதானே சொன்னாரு? பொய்யா அது?"

அப்போதாவது உண்மை சொன்னேனா? சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. "கணவாய்க்கு அந்தப் பக்கம் குடிசையில இருக்கான், போய் அவனையே கேளு" என்றேன். ஜாக்கிப் அங்கிருந்து இறங்கி வந்து இரண்டு நாளாகியிருந்தது. எனக்குத் தெரியும்! பாதி வழியில் திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். அன்று மாலையே பனி கொட்டிக் கணவாய் அடைபட்டது.

நான்காம் நாள் அந்தக் காலிக் குடிசையிலிருந்து அவள் உடலை எடுத்தோம்.

பேராசிரியர்களே! அடுத்த கோடையிலும் மாணவர்களை அனுப்புங்கள். குல்பாராவின் ஆய்வை அவர்கள் முடிக்கட்டும். நாங்கள் அவளை ஏமாற்றியதையும் எழுதட்டும், என் பெயரைப் போட்டே எழுதட்டும். கேட்பவரிடம் இனி எங்கள் மலை பொய் சொல்லாது. ஜாக்கிப், எழுந்து நில்! இது உன் உறுதிமொழியும்தான்.

தாயே, காலையில் வாசலில் என் கையைப் பிடித்துக் கேட்டீர்கள்: "எம்பொண்ணு ரொம்ப நேரம் குளிர்ல கெடந்தாளாய்யா?" "இல்லம்மா, தூக்கத்துலயே போயிட்டா" என்றேன்.

இரண்டு நாள் கிடந்தாள், தாயே. தன் குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள்.