ஏழு படத்திலும் சும்மா நின்றவன்

அரூரிலிருந்து தருமபுரி வரும் பஸ்ஸில் ஐம்பது இருக்கைக்கு எழுபத்திரண்டு பேர். அச்சு தாங்குமா என்று நான் கவலையில் இருந்தேன். முன் இருக்கையில் கல்லூரிக் கட்டடம் கட்டும் மேஸ்திரியும், மாதாமாதம் அதைப் படமெடுத்து மெட்ராஸ் ஆபீஸுக்கு அனுப்பும் போட்டோக்காரரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தச் சோம்பேறிய வேலைய வுட்டு நிறுத்தச் சொல்லி மெட்ராஸிலிருந்து லெட்டர் வந்திருக்குதுங்க," என்றார் மேஸ்திரி.

"எந்தச் சோம்பேறிங்க?"

"நீங்க அனுப்பின ஏழு படத்துலயும் மாடியில சும்மாவே நிக்கறானாம். நிறுத்தலைன்னா என்னை நிறுத்திடுவாங்களாம்."

போட்டோக்காரர் படங்களை மடியில் பரப்பினார். நானும் எட்டிப் பார்த்து எண்ணினேன். ஏழிலும் நின்றது வைக்கோல் திணித்த திருஷ்டி பொம்மை.

"உங்க சட்டையத்தானே மாட்டி வுட்டிருக்கீங்க!" என்றார் போட்டோக்காரர்.

"அதை எறக்கினா கட்டடத்துக்குக் கண்ணு பட்டுடுமேங்க."

"எறக்க வேணாங்க மேஸ்திரி. அடுத்த படத்துக்கு அது கையில ஒரு கொத்துக் கரண்டியக் கட்டி வுடுங்க."