அவளைக் கொன்றால் புள்ளி கிடையாது

“உன் கதையில அவனுக்கு மூணு உயிர். ஒண்ணு போனா அடுத்தது. எனக்கு ஒண்ணுதான் இருக்கு. அதையும் ஆறு மாசமா உட்கார்ந்தே கரைச்சிட்ட.”

“மெதுவாப் பேசு. கீழ கேக்கும்.”

“கேக்கட்டுமே. கேக்கறதுக்குத்தானே மெஷினைப் படிக்கட்டுகிட்ட போட்டு வச்சிருக்காங்க.”

தையல் மெஷினை நான் படிக்கட்டுக்கிட்டே போட்டிருப்பது வெளிச்சத்துக்காக. கீழ்வீட்டில் பகலிலும் விளக்குப் போட்டால்தான் ஊசியில் நூல் நுழையும். படிக்கட்டு ஜன்னலுக்கு அடியில் என்றால் சாயங்காலம் ஐந்து மணிவரை கண்ணுக்குப் பாரமில்லை. நாலு மாடிக்காரர்களும் அந்த வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும் என்பது கட்டடம் கட்டினவர் செய்த ஏற்பாடு, அதற்கு நான் என்ன செய்ய. கண்ணுக்கு மூடி வைத்த கடவுள் காதுக்கு வைக்கவில்லை, அதற்கும் நான் பொறுப்பில்லை.

மூன்றாம் மாடிப் புருஷன் பெண்டாட்டியின் அந்த வியாழக்கிழமைச் சண்டை கொஞ்சம் பெரிசு. வழக்கமாக அவள் ‘நீங்க’ என்று ஆரம்பித்து, பல்லைக் கடித்துக்கொண்டு அதிலேயே கொஞ்ச தூரம் போய், பாத்திரம் விழுகிற கட்டத்தில்தான் ‘நீ’க்கு இறங்குவாள். அன்றைக்குக் காலை எட்டரைக்கே ‘நீ’. நான் அடிநூல் பாபின் மாற்றுகிற சாக்கில் மெஷினை நிறுத்தினேன்.

அவள் பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள். அவன் ஆபீஸ் ஆபீஸாகப் போய் பிரிண்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவன். நல்ல கைத்தொழில். அதை விட்டுவிட்டு ஆறு மாதமாக வீட்டில் உட்கார்ந்து நாவல் எழுதினான். கட்டடத்தில் அவனுக்குக் ‘கதாசிரியர்’ என்று பெயர். வைத்தது நான்தான், ஆனால் மரியாதையாகத்தான் வைத்தேன்.

“நாப்பது பேருக்குக் குடுத்தியே, ஒருத்தராவது முழுசாப் படிச்சாங்களா?”

“கீழ அக்கா படிச்சிட்டிருக்காங்க. அவங்க ஒருத்தர் நல்லாருக்குன்னு சொல்லட்டும், போதும். இல்லேன்னு சொன்னா திங்கட்கிழமையே வேலைக்குப் போயிடறேன்.”

“சொன்னாலும் போகணும். சொல்லாட்டியும் போகணும்.”

மேலே ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு அவன், “சரி, போறேன்” என்றான். அவ்வளவு மெதுவாகச் சொன்னதும் எனக்குக் கேட்டதென்றால், மெஷின் நின்றிருந்ததால்தான்.

உங்களிடம் மறைப்பானேன், நான் அந்த நாவலை இரண்டு தரம் படித்து முடித்திருந்தேன். ஒரு மாதமாகப் படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “எதுவரைக்கும் வந்திருக்கீங்கக்கா?” என்று கேட்பான். “பாதி தாண்டிட்டேன் தம்பி” என்பேன். அவன் முகத்தில் அப்போது ஒன்று வரும். காய்ச்சல்காரப் பிள்ளை ஐஸ் கட்டியைப் பார்க்கிற மாதிரி. அடுத்த வாரமும் பாதி தாண்டித்தான் இருப்பேன்.

நாவல் எப்படி என்று கேட்டால், ஏமாற்றம்தான். பழைய பிரிண்டர் ஒன்றைச் சரிபண்ணி அவனே அச்சடித்த அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். கிடங்கில் பெட்டி எண்ணுகிற குமாஸ்தா ஒருவன் திடீரென்று ஒரு விளையாட்டுக்குள் விழுந்துவிடுகிறான். அங்கே ராட்சசனை அடித்தால் லெவல் ஏறும். லெவல் ஏறினால் இன்னும் பெரிய ராட்சசன் வருவான். அவனையும் அடிக்க வேண்டும். எதற்கு என்று கேட்கக்கூடாது. ஒவ்வொரு சண்டை முடிந்ததும் ஆகாயத்தில் எழுத்து தெரியும்: வலிமை பதினான்கு, கேடயம் ஒன்பது, அதிர்ஷ்டம் மூன்று. மளிகைச் சீட்டில்கூட இதைவிட விறுவிறுப்பு உண்டு, அடுத்து என்ன வாங்குவார்களோ என்றாவது இருக்கும். தொண்ணூற்றொன்பதாவது வாசலைத் திறந்தால் உள்ளே ஒரு பொத்தான். அழுத்தினால் மறுபடி முதல் லெவல். அண்டா நிறையக் கொதிக்கவைத்து அரைக்கரண்டி வெந்நீர் ஊற்றின மாதிரி முடித்திருந்தான்.

ஆனால் இருநூற்று நாற்பதாம் பக்கத்தில் ஒருத்தி வருகிறாள்.

கோட்டைப் படிக்கட்டின் அடியில் சக்கரம் வைத்த இயந்திரத்தோடு உட்கார்ந்திருக்கிற கிழவி. அவளுக்கு மொத்தம் மூன்று வசனம். “எங்க கிளம்பிட்டீங்க?” ஒன்று. “இன்னிக்கு வெயில் அதிகம்” இரண்டு. “நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” மூன்று. வீரன் எத்தனை தரம் போய்ப் பேசினாலும் இந்த மூன்றையே சுற்றிச் சுற்றிச் சொல்லுவாள். அவளிடம் அவன் வாய்விட்ட ரகசியமெல்லாம் அடுத்த லெவலில் எதிரியின் கையில் இருக்கும். ஒருதரம் அவன் கோபத்தில் வாளை ஓங்குகிறான். உடனே ஆகாயத்தில் எழுத்து: ‘அவளைக் கொன்றால் புள்ளி கிடையாது.’ அவன் வாளை உறையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறான்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயதுதான். கிழவி என்று எழுதியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் மாடியில் ஒரு கணக்கு வாத்தியார் தனியாக இருந்தார், ஓய்வு பெற்றவர். அவருக்கும் ஒரு பிரதி போயிருந்தது. வேறெங்கும் படிக்காவிட்டாலும் அந்தப் பக்கத்தை எப்படியோ பிடித்துவிட்டார். இந்தச் சண்டைக்கு மூன்று வாரம் முன்பு ஒருநாள் பேன்ட் அடி மடிக்கக் கொண்டுவந்தவர், “என்னம்மா, யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களே?” என்று கேட்டுவிட்டுத் தனக்குள்ளே சிரித்துக்கொண்டார்.

“எதைச் சார்?”

“ஒண்ணுமில்ல. இன்னிக்கு வெயில் அதிகம்.”

விளையாட்டுகளில் அப்படிச் சில பொம்மை ஆட்கள் உண்டு, எழுதி வைத்ததற்கு மேல் ஒரு வார்த்தை பேசாது, ஒரு அடி நகராது என்று அவர்தான் எனக்கு விளக்கினார். பாடம் நடத்தின பழக்கம். ஒரு வாரத்தில் கட்டடம் முழுக்க அந்த மூன்று வசனமும் பரவிவிட்டது. பிள்ளைகள் படியில் இறங்கும்போதே, “எங்க கிளம்பிட்டீங்க?” என்று அவர்களே கேட்டு, அவர்களே சிரித்துக்கொண்டு ஓடுவார்கள். அதுகூடப் பரவாயில்லை. பெரியவர்கள்தான் பேச்சை நிறுத்திவிட்டார்கள். முன்பெல்லாம் ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தால் அரைமணி நேரம் நின்று மாமியார், நாத்தனார் கதையெல்லாம் இறக்கி வைத்துவிட்டுப் போகிறவர்கள், துணியைக் கொடுத்துவிட்டு, “சாயங்காலம் வரேங்க்கா” என்று போய்விடுகிறார்கள். எனக்கு வீட்டில் யாரும் இல்லை. இந்தப் படிக்கட்டில் ஏறி இறங்குகிற பேச்சுதான் எனக்கு உறவும் மனிதரும். அது ஒரே வாரத்தில் நின்றுபோயிற்று. இதை ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் உயிரோடு இருந்தவள் அந்தக் கிழவி ஒருத்திதான். மற்ற எல்லோருக்கும் வலிமையும் கேடயமும் இருந்தன, மூச்சு இல்லை. அவன் என்னிடம் நேராக உட்கார்ந்து கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவன் ‘எதுவரைக்கும்’ என்று மட்டும்தான் கேட்டான்.

சண்டை முடிந்து ஒன்பது மணிக்கு அவள் இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது, பவுடர் போட்டு மறைத்திருந்தாள். கையில் மூன்று சட்டை.

“அக்கா, பக்கத் தையலைப் பிரிச்சு ஒரு இஞ்ச் லூசாக்கிக் குடுங்க. உட்கார்ந்தே இருந்து வயிறு போட்டுருச்சு. திங்கக்கிழமையிலேர்ந்து வேலைக்குப் போறாராம்.”

“நல்ல சேதிதானேம்மா.”

“நல்ல சேதிதான்.” சட்டைகளை மெஷின் பலகையில் வைத்தாள். “நீங்க படிச்சு முடிச்சா, நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை பொய்யாவாவது சொல்லிடுங்கக்கா. வேலைக்கு எப்படியும் போயிடுவாரு. ஆனா இப்படியே போனா ஆளு உடைஞ்சிடும்.”

“சொல்றேன்மா” என்றேன்.

தையலுக்கு வருகிற துணியில் நான் முதலில் செய்வது பையைச் சோதிப்பது. பஸ் டிக்கெட், சில்லறை, காதல் கடிதம், எது இருந்தாலும் எடுத்து ஒரு சின்னக் காகித உறையில் போட்டு, மேலே கிழமையும் வேளையும் எழுதி, அந்தத் துணியிலேயே குண்டூசியால் குத்திவிடுவேன். முப்பது வருடப் பழக்கம். அடுத்தவர் பொருள் ஒரு கொக்கிகூட என்னிடம் தங்கியதில்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அன்று நீலச் சட்டையின் பையில் அவனுடைய இன்ஹேலர் இருந்தது. அவனுக்கு மூச்சிரைப்பு உண்டு. மூன்றாம் மாடி ஏறுவதற்குள் இரண்டு தரம் நின்று அதை இழுத்துக்கொள்வான், கட்டடத்துக்கே தெரியும். குலுக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் இருந்தது. உறையில் போட்டு ‘வியாழன் காலை’ என்று எழுதிக் குத்தினேன். மேலே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். முட்டிவலி. எப்படியும் அவனே கேட்டுக்கொண்டு வருவான் என்று நினைத்தேன்.

வந்தான்.

அன்றே மதியம் இரண்டு மணி. அந்த நேரத்தில் கட்டடத்தில் எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். வாத்தியார் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குவார். மேலே செருப்பில்லாத காலடி கேட்டது. இரண்டு படி, நிறுத்தம். ஒரு படி, நிறுத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தான். உதடு சாம்பல் நிறமாக இருந்தது. நெஞ்சு மட்டும் பெரிதாக ஏறி இறங்கியது, உள்ளே ஒன்றும் போன மாதிரி தெரியவில்லை. வீட்டில் இருந்த இன்னொன்று தீர்ந்துபோயிருந்தது, அன்று சாயங்காலம் அவள் புதிது வாங்கி வருவதாக இருந்தது என்று பிறகு தெரிந்தது.

அவன் பேசவில்லை, பேச முடியவில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருந்த நீலச் சட்டையைக் கையால் காட்டினான்.

வழக்கமாக நான், “எங்க தம்பி கிளம்பிட்டே?” என்றுதான் கேட்பேன். அன்றைக்கு, “எங்க கிளம்பிட்டீங்க?” என்று கேட்டேன்.

அவன் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தான். அறுநூறு பக்கம் எழுதினவன், தான் எழுதின வரி காதில் விழுந்தால் தெரியாமலா இருக்கும்.

“இன்னிக்கு வெயில் அதிகம்” என்றேன்.

மூன்றாவது படியில் உட்கார்ந்துவிட்டான். “அக்கா” என்று வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. அவன் சொல்வது புரியவில்லை என்று நான் நடிக்கவில்லை. நன்றாகவே புரிந்தது. எழுதி வைத்ததற்கு மேல் ஒரு அடி நகராத ஆள் என்று முடிவு பண்ணினது அவன். நாற்பது பேருக்கு அச்சடித்துக் கொடுத்ததும் அவன். நாலாவதாக ஒரு வசனம், ‘யாராவது ஓடி வாங்க’ என்றோ, ‘இந்தா தம்பி’ என்றோ, எனக்கு எழுதியிருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா. கையில் இருந்த தையலைப் பார்த்தேன். அவனுடைய இன்னொரு சட்டையின் இடது பக்கம் பாதியில் நின்றிருந்தது. பாதியில் விட்டால் நூல் சுருங்கும். மெஷினை மிதித்தேன். இடது பக்கம் முடித்து, வலது பக்கமும் முடித்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். தையல் நேராகத்தான் வந்தது.

பிறகு கத்தினேன். நான் கத்தினதில் எதிர்க் கட்டடத்திலிருந்துகூட ஆள் வந்தார்கள். “நல்லவேளை, நீங்களாவது கூட இருந்தீங்க” என்று எல்லோரும் சொன்னார்கள். வாத்தியார் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்குச் சாயங்காலம் என் மெஷினைச் சுற்றிப் பதினோரு பேர் நின்று பேசினார்கள். நானும் நடந்ததை நடந்தபடி சொன்னேன், பத்து நிமிடம் மட்டும் குறைத்து.

ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்று சட்டையையும் இஸ்திரி போட்டு நானே மேலே கொண்டுபோனேன். கூலி வேண்டாம் என்றேன். அவள் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். நீலச் சட்டையில் உறை கையில் தட்டியது. உறையை எறிந்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அடுத்தவர் பொருளை எறிகிற பழக்கம் எனக்கில்லை. குண்டூசியைப் பிடுங்கி, உள்ளே இருந்ததை உள்ளங்கையில் கொட்டினாள். குலுக்கினாள். பிறகு உறையைத் திருப்பி, மேலே எழுதியிருந்ததைப் படித்தாள். இரண்டே வார்த்தைதான், ரொம்ப நேரம் படித்தாள்.

“நீங்க படிச்சு முடிச்சிட்டீங்களாக்கா?” என்று கேட்டாள்.

“முடிச்சிட்டேன்மா. நல்லாருக்கு” என்றேன். அவள் கேட்டுக்கொண்டபடியே சொன்னேன்.

அவள் அழவில்லை. உறையை நாலாக மடித்து பிளவுசுக்குள் வைத்துக்கொண்டாள். நான் எழுந்து வரும்போது கதவுவரை வந்தாள். “உங்க கையெழுத்து அழகா இருக்குக்கா” என்றாள்.

யாரும் என்னிடம் வந்து எதுவும் கேட்கவில்லை. மூச்சிரைப்புக்காரன், வீட்டில் தனியாக இருந்தான், போய்விட்டான். அதில் கேட்க என்ன இருக்கிறது. அவள் யாரிடமாவது சொன்னாளா என்றும் எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் என் காதுக்கு வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்த மாதமே அவள் காலி பண்ணிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். மீதி இருந்த பிரதிகளைப் பழைய பேப்பர்காரர் எடைபோட்டு எடுத்துப் போனார். வாத்தியாரை மகள் வந்து கூட்டிக்கொண்டு போனாள். அவர் வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது, புருஷனும் மனைவியும் வாயே திறப்பதில்லை. மூன்றாம் மாடி இன்னும் பூட்டிக் கிடக்கிறது. அங்கே இருந்தவளுக்கு இரண்டு வருடம் கழித்து மறு கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை மருந்துக் கம்பெனியில் வேலை, மனைவியை இழந்தவர், சாது என்று கேள்வி. கல்யாணப் பத்திரிகை கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் தபாலில் வந்தது. எனக்கு மட்டும் வரவில்லை. புதுத் தபால்காரர், அவருக்கு இன்னும் என் கதவு பழகவில்லை.