நாற்பது பேர் சொன்ன வலது தோள்

விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் தலைமையாசிரியர் அவர்களே! எங்களுக்குப் படம் போட்டுக் காட்டிப் பாடமும் புகட்டிய வணிகவியல் ஆசிரியை அவர்களே! பெரியோர்களே, தாய்மார்களே, 'இவன் இங்கேயும் வாலை ஆட்டுவானோ' என்று நாற்காலி நுனியில் தவிக்கும் என் அம்மாவே! அனைவருக்கும் வணக்கம்.

ஏழைத் தொழிலாளருக்கு மலிவான செருப்பு செய்துகொடுத்த ஒரு பெண்ணின் கதை அந்தப் படம். அது கற்றுத்தரும் வணிகப் பாடங்களே எனக்குத் தந்த தலைப்பு. பார்த்தோம், பரவசப்பட்டோம், மறுநாளே மாணவர் நிறுவனம் தொடங்கினோம். சந்தையில் மூட்டை சுமப்போருக்குத் தோள்மெத்தை!

தைக்குமுன் நாற்பது பேரிடம் கேட்டுப் படிவம் நிரப்பும் பொறுப்பு எனக்கு. போனேனா? இல்லை. கேட்டேனா? இல்லை. கட்டிலில் கவிழ்ந்து கிடந்து, நான்கு நிறப் பேனாவால், நாற்பது விதக் கையெழுத்தில் நானே நிரப்பினேன். கைதட்டாதீர்கள் நண்பர்களே, அது கலையல்ல, களவு! 'எந்தத் தோளில் சுமப்பீர்கள்?' வலது, வலது, நாற்பது முறையும் வலது. ஏன்? என் புத்தகப்பை தொங்குவது வலது தோளில்!

அதை நம்பி, வலத்தோளுக்கு மட்டுமே பொருந்தும்படி மெத்தை தைத்துக் கொடுத்தோம். அவர்களோ இடத்தோளில் சுமப்பவர்கள். வலது கை, மூட்டையைக் குத்திப் பிடிக்கும் கொக்கிக்கு. மெத்தையை வாங்கிய, சுமைதூக்குவோரின் மேஸ்திரி அண்ணன் அன்றே அதை மாட்டிக்கொண்டார். மூன்றாம் நாள் லாரிப் பலகையிலிருந்து விழுந்தார். கணுக்கால் முறிந்தது.

பார்க்கப் போனேன். அவர் மனைவி சொன்னார்: "பசங்க ஆசையா கொடுத்தாங்களேன்னு, இருபது வருசப் பழக்கத்தை மாத்தி வலப்பக்கம் தூக்கினாருப்பா."

எங்கள் மனம் கோணக்கூடாதென்று தோள் மாற்றியிருக்கிறார்! அவையோரே, எந்த முகத்தோடு நான் அங்கே நிற்பேன்?

அண்ணன் கேட்டார்: "நாப்பது பேர் சொன்னாங்களாமே தம்பி? நாங்க மொத்தமே பதினாறு பேரு. மீதி ஆளை எங்கப்பா புடிச்ச?"

சிரிக்கிறீர்கள். எனக்கோ அழுகை வந்துவிட்டது. "எல்லாம் நானே எழுதினதுண்ணே" என்றேன். கட்டுப்போட்ட காலை நகர்த்தி என்னை அருகில் உட்காரவைத்தார். பிறகு, "அழுது என்ன ஆகப்போகுது? பேனா இருக்கா? இப்ப எழுது" என்றார்.

"தோள் வலிக்குதாண்ணே?"

"தோளு மரத்துப்போச்சுடா. லாரிக்கு ஏறுற பலகைதான் ஆடுது. அதைக் கேக்க ஒரு நாதியில்ல."

பதினாறு பேரிடமும் போனேன். பதினாறு பேரும் சொன்னது பலகை, பலகை, பலகை! எங்கள் படிவத்தில் பலகைக்கு ஒரு கேள்விகூட இல்லை.

படத்தின் நாயகி ஒரு செருப்பும் தைக்காமல் இரண்டாண்டுகள் வீடு வீடாகப் போய்க் கால் அளவெடுத்தாளாம். அந்தக் காட்சி ஓடியபோது நான் முன்வரிசைக்காரனின் செருப்பை ஒளித்துக்கொண்டிருந்தேன். வணிகப் பாடம் கேட்டீர்களே, இதுதான்: விற்க நினைப்பவன் முதலில் வாயை மூடிக் காதைத் திறக்க வேண்டும்!

சற்றுமுன் 'சிறந்த கள ஆய்வாளர்' என்று கேடயம் தந்தீர்கள். இதோ, மேசைமேல் வைத்துவிட்டேன். களத்துக்கே போகாதவனுக்கு அது வேண்டாம். எனக்கு வேண்டியது ஒன்றே. நாளை காலை அந்தப் பலகையைச் சரிசெய்ய வேண்டும். இந்த அவையில் தச்சு வேலை தெரிந்தவர் யாரேனும் உண்டா?

என்ன, ஒருவருமா இல்லை?

அதோ, கடைசி வரிசையில் ஒரு கை. ஐயா, ஆறு மணிக்குச் சந்தை வாசலில் நிற்பேன். உங்களுக்கே என் நன்றியும் வணக்கமும்!