வாங்காமல் விட்ட கடிதம்

எந்த ஊர் எந்த மாநிலத்துக்கு என்ற எல்லைப் போராட்டத்தில் நின்றுபோன பஸ்கள் மறுபடி ஓடத் தொடங்கிய வாரம் அது. பாறசாலையில் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள். காலடியில் சுருட்டிய பாயும் ஒரு ஸ்டவ்வும்.

"அந்த மாடியில குடியிருக்கலாம். சாகப்படாது," என்றாள் அவள்.

"பத்மநாபபுரம் கோட்டைக்குள்ள வாடகைக்கு ஒரு மாடி வீடு கிடைச்சதே பெரிய காரியமாக்கும். ராஜா இருந்த ஊரு. போற அன்னைக்கே சாவைப் பேசணுமா?"

"பேசணும். போதகர்கிட்ட எனக்க சபை மாத்துக் கடிதத்தை நான் வாங்கல்ல."

"கடிதம் இல்லாம புது சபையில எப்படிச் சேப்பாங்க?"

"சேத்தா பாறசாலை சபையில பேரை வெட்டிருவாங்க. பேரு இல்லாத ஆளுக்கு இந்தக் கல்லறைத் தோட்டத்தில இடம் கிடையாது. நம்ம மக இங்கயாக்கும் கிடக்கா."

அவர் சரிந்த பாயை நிமிர்த்தி வைத்தார்.

"நாளைக்கு நடுவில அதிர்த்திக் கோடு போட்டா? கோட்டை அந்தப் பக்கம், பாறசாலை இந்தப் பக்கம்."

"போடட்டு. அதுக்காக்கும் பேரை இங்க விட்டுட்டு வாறேன்."

களியக்காவிளையில் பஸ் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டது. அது கிளம்பிய பிறகுதான் அவர் கேட்டார்.

"எனக்க கடிதம்?"

"வாங்கியிருக்கேன். பையில உண்டு. உங்களுக்குக் கிடக்க எந்த இடம்னு நான் எப்படித் தீருமானிக்க?"

"பையிலயே இருக்கட்டு. ஞாயிற்றுக்கிழமை வந்து போதகர்கிட்ட திருப்பிக் குடுப்போம்."