ஊசி போட்டவர் கேட்ட கேள்வி

ராயப்பேட்டையில் மூட்டை தூக்கும் வேலையை உதறிவிட்டு நடந்துகொண்டிருந்தேன். மழைக்கு பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கினேன். அங்கே ஜிம் பெயர் போட்ட பனியனில் ஒரு ஜிம்காரர் தன் பயில்வான் நண்பனிடம் பேசிக்கொண்டிருந்தார். நண்பன் மடியில் ஸ்கேன் படம்.

“ஒண்ணுக்குல ரத்தம் வந்தா டாக்டராண்ட போவ மாட்டியா, மச்சி?”

“நீதானடா சூடுன்னு சொல்லி, தொப்புள்ல எண்ணெ வெக்கச் சொன்னே. வலியும் இல்ல. இப்ப மூத்திரப் பையில கேன்சராம்.”

“சதை ஏற நான் போட்டுவுட்ட ஹார்மோன் ஊசியாலயா?”

“ரத்தத்துல அந்த ஹார்மோன் ஜாஸ்தியா கீதாம். ஆனா அதாலதான்னு சொல்ல முடியாதாம். வுடு, போட்டில கப்பு வாங்குனப்போ ரெண்டு பேருமே ஆடுனோமே.”

ஜிம்காரர் ஸ்கேன் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

மறுநாள் காலை விசாரித்துப் போய், அவருடைய ஜிம்மிலேயே பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். உள்ளே வந்த ஒவ்வொருவரையும் நிறுத்தி ஜிம்காரர் முதலில் கேட்டது, “ஒண்ணுக்கு இன்னா கலர்ல போவுது?” என்பதுதான்.