உடைந்த கோடும் ஒரு டப்பா மாத்திரையும்

லிங்கராஜபுரத்தில் நல்ல காபி கிடைப்பதில்லை என்பவர்கள் தியோடர் அங்கிள் வீட்டுக்குப் போனதில்லை. நான் எட்டு மாதம் போனேன்.

தொம்மலூரில் ஒரு கேலரியில் ஓவியங்களுக்குக் குறிப்பு எழுதுவது என் வேலை, சார். ஓவியர் கையெழுத்துப் போட்டால் படம் முடிகிறது. நான் குறிப்பு எழுதினால்தான் அது நவீனமாகிறது. அங்கிள் தன் மனைவி ரெஜினாவை உட்காரவைத்துக் கரித்துண்டால் வரைந்திருந்தார். தோளிலிருந்து இறங்கும் கோடு வழியெல்லாம் உடைந்து அதிர்ந்தது. ‘தனிமையின் பதற்றத்தைச் சிதறும் கோட்டால் சொல்லும் உத்தி’ என்று எழுதினேன்.

“சும்னே பெரிய வார்த்தையெல்லாம் போடாத ரோஹன். உத்தியும் இல்ல, கித்தியும் இல்ல. கை உதறுதுப்பா,” என்றார்.

ஓவியர்களுக்குத் தங்கள் ஓவியம் புரியாது. அதற்குத்தானே நாங்கள் இருக்கிறோம்.

படம் பேசப்பட்டது. தனிக் கண்காட்சிக்கு இருபது படங்கள் கேட்டார்கள். அதற்குள் ரெஜினா ஆன்ட்டி அவரை டாக்டரிடம் கூட்டிப்போய் நடுக்கத்துக்கு மாத்திரை வாங்கிவிட்டார். அடுத்த படத்தில் கோடு நேராக இறங்கியது. பாஸ்போர்ட் போட்டோ தோற்றது.

“முப்பது வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் என் மூக்கு எங்க இருக்குன்னு தெரிஞ்சுதா உங்களுக்கு?” என்று ஆன்ட்டி கேட்க, அங்கிள் விழுந்து விழுந்து சிரித்தார். மகிழ்ச்சியான தம்பதி. கலைக்கு அதைவிடப் பெரிய ஆபத்து இல்லை.

ஆன்ட்டி பகலில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போவார்; படங்கள் முடியும்வரை நான் தினமும் அங்கேதான் இருந்தேன். “மத்தியான மாத்திரைய நீயே எடுத்துக் குடுத்துடுப்பா, அவருக்கு ஞாபகம் இருக்காது,” என்று டப்பாவை என்னிடம் காட்டிவைத்தார். டப்பாவில் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, அதே போன்ற வெள்ளைச் சத்து மாத்திரைகளைப் போட்டேன். சத்து மாத்திரை யாருக்குக் கெடுதல்?

கோடு திரும்பி வந்தது, முன்னைவிட அழகாக. பிறகு அவருக்குக் கால் விறைத்தது, பேச்சுக் குழறியது, தண்ணீர் விழுங்கினால் புரையேறியது. “மாத்திரை கேக்க மாட்டேங்குதே ரோஹன்,” என்று ஆன்ட்டி என்னிடம்தான் அழுதார். இன்னும் ஒரு படம் பாக்கி. பொறுமையாக இருக்கச் சொன்னேன்.

அந்தப் படம்தான் உங்கள் மேசைமேல் இருப்பது. கழுத்துவரை வந்த கோடு, அங்கிருந்து காகிதத்தின் விளிம்புவரை ஒரே இழுப்பாகச் சரிகிறது. அவர் நாற்காலியிலிருந்து விழுந்து இறந்த கணம் அது என்கிறீர்கள். மாத்திரையை மாற்றியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கோடு தற்செயலாக விழுந்தது என்று மட்டும் எழுதாதீர்கள், சார். இவ்வளவு துணிச்சலாக அவர் வரைந்ததே இல்லை.