நான்காம் விதியை அடியுங்கள்!

அவைக்குத் தலைமை ஏற்று அரியணை போன்ற அந்த நாற்காலியில் அமர்ந்திருக்கும் வழக்கறிஞர் துர்னியே அவர்களே! பெசான்சோன் நகரத்துப் பெரியவர்களே! மாடத்தில் நெருக்கியடித்து நிற்கும் என் தாய்மார்களே! கதவோரம் குளிரில் நடுங்கும் வண்டிக்காரத் தோழர்களே! உங்கள் அனைவரையும் புத்தகம் தைத்துத் தைத்துக் காய்ப்பேறிய இந்தக் கைகளால் கும்பிடுகிறேன்.

இந்த வாசகசாலையைத் திறந்துவைத்துப் பேச என்னை அழைத்தீர்கள். மகிழ்ச்சி! ஆனால் உள்ளே நுழைந்ததும் சுவரில் மாட்டிய விதிகளைப் படித்தேன். நான்காம் விதி என்ன சொல்கிறது? ‘பெண்கள் உறுப்பினராக முடியாது.’ பேச மேடை உண்டு, படிக்க நாற்காலி இல்லை! அந்த விதியை அடிக்கச் சொல்லிக் கேட்கத்தான் இப்போது நிற்கிறேன். ஏன் கேட்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் இந்த ஊர் எப்படி இருந்தது? சிந்திப்பதே குற்றம்! சிந்தித்ததை அச்சிட்டால் சிறை! அறிவைக் கொண்டு அரசனை அளந்தவர்களின் நூல்கள் எல்லாம் எல்லைக்கு அப்பால் அச்சாகி, மலை ஏறி, பனி மிதித்து, கூலிக்காரர் முதுகில் வந்தன. எப்படி வந்தன? வேதாகமச் சங்கீதத் தாள்களுக்குள் ஒளிந்து வந்தன! ஒரு பக்தித் தாள், அதன் மடிப்புக்குள் ஒரு தடைத் தாள். அதற்குக் கல்யாணம் என்று பெயர். குரோபெரன் முதலாளியின் புத்தகம் கட்டும் பட்டறையில் அந்தத் தம்பதிகளைப் பிரித்துத் தைப்பது என் வேலை. சிரிக்கிறீர்கள்! நான் பிரித்த குடும்பங்களுக்குக் கணக்கே இல்லை!

எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. தடைத் தாளின் ஓரத்தில் ஊசித் துளை ஒன்று இருக்கும். விரலால் தடவித்தான் கண்டுபிடிப்பேன். ஒரு தை மாதம், பனியில் விரல் மரத்துப்போய், ஒரு துளையைத் தவறவிட்டேன். முதலாளி தாள்களைச் சரிபார்த்தார். முகம் வெளுத்தது.

“அடியே ஒதில்! ஒரு தாள் கொறையுதுடி! பங்குச் சாமியாரோட செபப் புத்தகத்துக்குள்ள வச்சுத் தைச்சுட்டியா?”

“ஐயையோ முதலாளி, அது காலையிலயே குடுத்தனுப்பியாச்சே!”

“ஞாயித்துக்கெழம ஆயர் மாளிகைக்கு அதத்தான் எடுத்துட்டுப் போறாரு. என் கால்ல சங்கிலி மாட்ட வச்சிட்டியேடி பாவி!”

ஓடினேன். சாமியார் கூர்வாசியே சோளக்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் புத்தகம் திறந்து கிடந்தது.

“சாமி, தையல் தப்பாயிடுச்சு. பிரிச்சுத் தைச்சுத் தாரேன்.”

“தையல் நல்லாத்தாம்மா இருக்கு. நாலாம் சங்கீதம் முடிஞ்சதும் தாவீது ராசா, ‘ராசாவுக்கு அதிகாரம் குடுத்தது யாரு?’ன்னு கேக்குறாரு. அதுதான் எனக்குப் புதுசா இருக்கு.”

“எனக்கு எழுத்து தெரியாது சாமி. சத்தியமா.”

“பதினோரு வருசமா தைக்கிறே. என்ன தைக்கிறேன்னே தெரியாதா?”

“பரிமாறுறவளுக்கு யாரு சாமி தட்டு வைக்கிறா?”

கரண்டியைக் கீழே வைத்தார். காவலரைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ எனக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். மடித்த அந்தத் தாளின் பதினாறு பக்கத்தையும் உரக்க வாசித்தார். மக்கள் தந்த அதிகாரத்தை மக்களே திரும்பக் கேட்கலாமாம்! வலி தாங்காமல் ஒப்புக்கொண்டவன் வாக்கு சாட்சி ஆகாதாம்! பிறப்பால் எவனும் உசத்தி இல்லையாம்! நான் அழுதேன் ஐயா. இத்தனை நாள் இதைத்தானா என் கையில் வைத்திருந்தேன் என்று அழுதேன். ‘இன்னொரு தரம் வாசிங்க சாமி’ என்றேன். வாசித்தார். பிறகு கஞ்சி மேசையிலேயே கத்தியால் நூலை அறுத்து, தாளை என்னிடம் நீட்டினார்.

“கொண்டு போய் முதலாளிகிட்டக் குடு. பாதியில நிக்குது, மீதி வந்தா நீயே கொண்டா. சேந்து படிப்போம்.”

அன்று முதல் வியாழக்கிழமைதோறும் சாமியார் வீட்டில் கூடினோம்! சலவைக்காரி, கூலிக்காரன், கயிறு திரிக்கிறவன் என்று ஏழு பேருக்கு ஒரே புத்தகம். ஒருவர் வாசிக்க ஆறு பேர் சண்டை போடுவோம். ‘அது எப்படி?’ என்று கேட்காமல் ஒரு வரி நகராது. அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு எழுத்தும் பிடிபட்டது. இன்று அலமாரி நிறையப் புத்தகம், அந்தச் சண்டையைத்தான் காணோம்!

அந்தத் தாள்கள் என்ன செய்தன என்று கேட்கிறீர்களா? சித்திரவதை போயிற்று. பிரபுவின் சலுகை போயிற்று. போன ஆண்டு தேசிய சபையில் மனித உரிமையைப் பறைசாற்றினார்கள்! ஆனால் அந்தத் தாள்களை எழுதிய அறிஞர்களை நான் ஒன்று கேட்பேன். உங்களை விருந்துக்கு அழைத்து, விவாதிக்க இடம் தந்து, விளக்கேற்றி வைத்தவர்கள் பெண்கள். எழுத உட்கார்ந்ததும் எங்களை எப்படி மறந்தீர்கள்? அவர்கள் மறந்ததை நீங்களும் மறந்தால், அவர்களைப் படித்து என்ன பயன்?

என்ன தலைவரே, ‘அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்’ என்கிறீர்களா? எனக்கு அறுபத்து மூன்று வயது. அதுவரை என் உயிருக்கு நீங்கள் பொறுப்பா? அவையே சொல்லட்டும்! நான்காம் விதி வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள்... கதவோரம் எல்லாக் கையும் எழுந்துவிட்டது! மாடத்துத் தாய்மார்களே, உங்களுக்கு வாக்கு இல்லை என்றா கையை மடக்கி வைத்திருக்கிறீர்கள்? தூக்குங்கள்! முன்வரிசைப் பெரியவர்களே, உங்கள் மனைவிமார் மேலிருந்து பார்க்கிறார்கள்... அப்படி வாருங்கள் வழிக்கு!

தலைவர் பேனாவை எடுத்துவிட்டார். விதிப்பலகை முன்னால் போய் நிற்கிறார். ஐயா, இங்கிருந்தே பார்க்கிறேன், கோடு மெலிதாக இருக்கிறது. அடியில் உள்ள எழுத்து இன்னும் படிக்க முடிகிறது. எனக்குத்தான் இப்போது படிக்கத் தெரியுமே! இன்னும் அழுத்தி அடியுங்கள்... ஆம், அப்படி!

அழைத்த உங்களுக்கும், கை உயர்த்திய உங்களுக்கும், பேனா பிடித்த தலைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. மேடையிலிருந்து இறங்குகிறேன். சன்னலோர நாற்காலியில் இருக்கும் இளைஞரே, பக்கத்து நாற்காலிக்குத் தள்ளி உட்காருங்கள். வணக்கம்!